ஆறு விகிதம் யாருக்கு?

தேர்தல் வந்துவிட்டால் வாக்குறுதிகளுக்குப் பஞ்சமில்லை. பாலம் வரும், பாதை வரும், பள்ளிக்கூடம் வரும் என்று மேடைகள் முழங்கும். வாக்குப் பெட்டி மூடப்பட்டதும் முழக்கமும் ஓய்ந்துவிடும். இந்த நாட்டு வாக்காளப் பெருமக்களுக்கு இஃது புதிய அனுபவமன்று. ஆயினும், மறந்துவிடக் கூடாத வாக்குறுதிகள் சில உள. அவற்றுள் ஒன்றைக் குறித்தே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

2024 ஆம் ஆண்டு புரட்டாதி மாதம் 21 ஆம் திகதி நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிட்ட அபேட்சகர்களுள் ஒருவரான திரு. அநுர குமார திசாநாயக்க அவர்கள், நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு ஆறு பங்கைக் கல்விக்கு ஒதுக்கும் நிலைக்கு நாட்டைக் கொண்டுசெல்வதாகத் தமது கட்சியின் கொள்கை விளக்கத்தின் வாயிலாக உறுதி கூறினார். அபேட்சகர் வெற்றி பெற்றார். அதே ஆண்டு கார்த்திகை 14 ஆம் திகதி நடந்த பொதுத் தேர்தலில் அவருடைய தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களில் 159 ஐக் கைப்பற்றியது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றும் அக்கட்சிக்கே சென்றன. எனவே, அந்த வாக்குறுதியைக் கேட்டு வாக்களித்தவர்களுள் தமிழரும் உளர். வாக்களித்தவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. வாக்களியாதவனுக்கும் உண்டு, ஏனெனில் அவனுடைய பிள்ளையும் அதே பாடசாலைக்குத்தான் போகின்றது.

ஆறு விகிதம் என்ற கோரிக்கை இவர் கண்டுபிடித்ததன்று. 2012 ஆம் ஆண்டு பல்கலைக்கழக ஆசிரியர்கள் ஏறத்தாழ நூறு நாட்கள் பணிப்புறக்கணிப்புச் செய்தபோது, தெருவெங்கும் ஒலித்த கோஷம் அதுவே. 2015 இல் கொரியாவின் இஞ்சியோன் நகரில் கூடிய உலகக் கல்வி மாநாடும், நாடுகள் தத்தம் உற்பத்தியில் நான்கு முதல் ஆறு விகிதம் வரையேனும் கல்விக்குச் செலவிடல் வேண்டுமென்று கூறியது. இலங்கையோ நெடுங்காலமாக இரண்டு விகிதத்தை ஒட்டியும் அதற்குக் கீழுமே செலவிட்டு வந்துள்ளது. இலவசக் கல்வி தந்த நாடு என்று மார்தட்டிக்கொள்ளும் நாடு, அந்தக் கல்விக்குக் கொடுக்கும் பங்கு இவ்வளவே!

ஆகவே அபேட்சகர் கூறியது நல்லது. அதனை வரவேற்கின்றோம். ஆனால் வரவேற்பு வேறு, விசாரணை வேறு. பாடசாலைகளுக்குப் பணந் தருவேன் என்று எந்த அபேட்சகர் வந்து நின்றாலும், அவர் சிங்களவராயினும் தமிழராயினும், அவரிடம் மூன்று கேள்விகள் கேட்கப்படல் வேண்டும். பணம் எங்கிருந்து வரும்? யாருக்குப் போகும்? பங்கிடுபவர் யார்?

கன்னங்கரா கண்ட பாடம்

இக்கேள்விகளை ஆராயுமுன் பழைய வரலாறு ஒன்றை நினைவுகூர்தல் தகும்.

1945 ஆம் ஆண்டுக்கு முன்னர் இந்நாட்டிற் கல்வி இருவகைப்பட்டிருந்தது. சுயபாஷைப் பாடசாலைகளிற் கட்டணமில்லை. ஆனால் அங்கே படித்தவனுக்கு உத்தியோகமுமில்லை. ஆங்கிலப் பாடசாலைகளில் உத்தியோகத்துக்கு வழியிருந்தது. ஆனால் கட்டணம் செலுத்தவல்லவன் பிள்ளைக்கே அதன் கதவு திறந்தது. இந்தச் சுவரை இடித்தவர் அரசாங்க சபையின் கல்வி மந்திரியாக இருந்த திரு. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்கள். தாமே புலமைப்பரிசில் பெற்றுக் காலி றிச்மண்ட் கல்லூரியிற் படித்து முன்னேறியவர் அவர். அவரது தலைமையில் அமைந்த விசேட குழுவின் அறிக்கை 1943 இல் வெளிவந்தது. 1945 ஐப்பசி முதலாந் திகதி தொடக்கம், பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. கிராமப்புறங்களில் ஐம்பதுக்கு மேற்பட்ட மத்திய பாடசாலைகள் எழுந்தன.

அன்றும் கேட்டார்கள்: பணம் எங்கே? இவ்வளவு பெருஞ் செலவை இச்சிறு நாடு தாங்குமா? ஏழை எளியவரெல்லாம் படித்துவிட்டால் வயலில் இறங்குபவர் யார்? இவ்வாறு கேட்டவர்கள் பாமரரல்லர். பட்டமும் பதவியும் பெற்றவர்கள். தமது பிள்ளைகள் ஏறிச் சென்ற ஏணியை மற்றவர் பிள்ளைகள் தொடுவதைக்கூடப் பொறாதவர்கள். கன்னங்கரா அவர்கள் அஞ்சவில்லை. திட்டம் நிறைவேறியது.

அதன்பின் நடந்தது என்ன? 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் மத்துகம தொகுதியில் அவர் தோற்கடிக்கப்பட்டார்! நாட்டின் பிள்ளைகள் யாவருக்கும் பாடசாலைக் கதவைத் திறந்துவிட்டவருக்குச் சுதந்திர இலங்கையின் முதற் பாராளுமன்றத்தின் கதவு அடைபட்டது. 1952 இல் அகலவத்தை தொகுதியில் வென்று மீண்டு வந்தார். ஆயினும் கல்வி மந்திரிப் பதவி அவருக்குத் திரும்பவும் கிட்டவில்லை.

இதிலுள்ள பாடம் அபேட்சகர்களுக்கு மாத்திரமன்று, வாக்காளர்களுக்கும் உரியது. பாடசாலைக்குப் பணந் தேடிக் கொடுத்தவனை மறந்துவிடும் மக்கள், பாடசாலைக்குப் பணந் தருவதாக வெறும் வாய்ச்சொல் சொன்னவனையும் மறந்துவிடுவார்கள் என்பதை அரசியல்வாதிகள் நன்கறிவர். நமது மறதியே அவர்களுடைய மூலதனம்.

இன்னொரு பாடமும் உண்டு. அந்த இலவசக் கல்வி எல்லோருக்கும் எட்டியதா? அந்நாளில் நாட்டின் கருவூலத்தை நிரப்பப் பேருதவி புரிந்தவை தேயிலையும் றப்பரும். அந்தத் தேயிலைக் கொழுந்தைக் கிள்ளிய மலையகத் தமிழ்த் தாயின் பிள்ளைக்கு என்ன கிடைத்தது? துரைமாரின் மேற்பார்வையில், பெரும்பாலும் ஓராசிரியரோடு, ஆரம்ப வகுப்புகளோடு நின்றுவிட்ட தோட்டப் பாடசாலை! 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களின் உரிமையைப் பறித்தது. வாக்கில்லாதவனைத் தேடி எந்த அபேட்சகர் வருவார்? தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970 களிலேதான். இலவசக் கல்விக்கு உழைப்பைக் கொடுத்தவர்களுக்கு அக்கல்வி போய்ச் சேர ஒரு தலைமுறைக்கு மேலாயிற்று. மொத்தத் தொகை பெருகினால் எல்லோருக்கும் பங்கு கிடைத்துவிடும் என்று நம்புவோர் இதனைச் சிந்திக்கட்டும்.

பணம் எங்கிருந்து வரும்?

இனி முதற் கேள்விக்கு வருவோம். நூற்றுக்கு ஆறு என்பது சொல்வதற்கு எளிது. கணக்கிட்டுப் பார்த்தால் அதன் பாரம் விளங்கும்.

நாடு வங்குரோத்து நிலையை அடைந்த 2022 ஆம் ஆண்டில் அரசாங்கத்தின் முழு வருமானமும் உற்பத்தியில் ஏறக்குறைய எட்டு விகிதமே. அந்த எட்டில் ஆறைக் கல்விக்குக் கொடுப்பது யாரால் இயலும்? 2024 இல் வருமானம் பதின்மூன்று விகிதத்தைத் தாண்டியது உண்மை. ஆனால் அதன்மேற் கடன்காரரின் கையிருக்கின்றது. 2023 பங்குனி மாதத்தில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 300 கோடி டொலர் கடனுதவித் திட்டத்தை அங்கீகரித்தது. வட்டியை ஒதுக்கிவிட்டுப் பார்க்கையில், வரவு செலவை மிஞ்சி 2.3 விகிதம் மிகுதியாக இருத்தல் வேண்டும் என்பது அத்திட்டத்தின் இலக்கு. 2024 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கப் பொது நிதி முகாமைச் சட்டமோ, வட்டி நீங்கலான அரசாங்கச் செலவு உற்பத்தியின் பதின்மூன்று விகிதத்தை மீறலாகாதென எல்லை வகுத்திருக்கின்றது.

பதின்மூன்றில் ஆறு! ஏறத்தாழச் சரிபாதி. மீதி ஏழில் வைத்தியசாலை, ஓய்வூதியம், நிவாரணம், வீதி, பாதுகாப்பு யாவும் அடங்கவேண்டும். இந்த எல்லையை மாற்றாமல், அல்லது வேறொரு செலவைக் கணிசமாக வெட்டாமல், ஆறு விகிதம் என்று பேசுவது ஏட்டுச் சுரைக்காயே. 2025 மாசி மாதம் புதிய அரசாங்கம் தனது முதலாவது வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்தது. கல்விக்கான ஒதுக்கீடு கூட்டப்பட்டது, மறுப்பதற்கில்லை. ஆயினும் ஆறு விகிதத்திலிருந்து அது வெகு தொலைவிலேயே நின்றது.

இதனால் வாக்குறுதி பொய் என்று நாம் கூறவரவில்லை. ஒரே நாளில் மலையைத் தூக்கி வைக்கும்படி எவரும் கேட்கவில்லை. ஆனால் இந்த ஆண்டு இவ்வளவு, அடுத்த ஆண்டு இவ்வளவு, இன்ன செலவைக் குறைத்து இன்ன வரியைக் கூட்டி இன்ன ஆண்டில் ஆறை அடைவோம் என்று படிமுறை வகுத்துக் காட்டவேண்டாமா? யுத்தம் 2009 இல் முடிவடைந்த பின்னரும் பாதுகாப்புக்கென ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் பெருந்தொகையில் எவ்வளவு கல்விக்குத் திருப்பப்படும்? இக்கேள்விக்கு நேரான விடை வராதவரை, ஆறு என்பது ஓர் எண்ணேயன்றி ஒரு கொள்கையாகாது.

யாருக்குப் போகும்?

இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையானது. ஆறு விகிதமே கிடைத்துவிட்டதென்று வைத்துக்கொள்வோம். அது எந்தப் பாடசாலையின் வாசலிற் போய் இறங்கும்?

இந்நாட்டில் ஏறத்தாழப் பத்தாயிரம் அரசாங்கப் பாடசாலைகள் உள. அவற்றுள் நானூறளவானவை தேசிய பாடசாலைகள். மத்திய அமைச்சின் நேரடி ஆட்சியில் உள்ளவை. எஞ்சியவை மாகாணப் பாடசாலைகள். உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் கற்பிக்கும் 1 ஏபி வகைப் பாடசாலைகள் முழுத்தொகையிற் பத்திலொரு பங்களவே. வன்னிப் பெருநிலப்பரப்பில் ஒரு கிராமத்துப் பிள்ளை வைத்தியராக வேண்டுமென்று ஆசைப்பட்டால், அந்தப் பிள்ளை முதலில் ஊரைவிட்டுப் புறப்படவேண்டும். இதுவா சம சந்தர்ப்பம்?

இலவசக் கல்வி என்கின்றோம். 1980 முதல் பாடநூல்கள் இலவசம். 1993 முதல் சீருடைத் துணி இலவசம். நன்று. ஆனால் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு, விளையாட்டுப் போட்டிக்கு, வர்ணப் பூச்சுக்கு, மின்விசிறிக்கு என்று பெற்றாரிடம் அறவிடப்படுவது என்ன? மாலையானதும் பிள்ளை தனியார் கல்வி நிலையத்துக்குப் போகின்றதே, அதற்குச் செலுத்துவது என்ன? பாடசாலைக் கதவில் கட்டணத்தை நிறுத்திவிட்டு, அதனைப் பக்கத்து ஒழுங்கையில் அறவிடுகின்றோம். அரசாங்கம் கொடாத பங்கை ஏழைத் தகப்பனின் மடி கொடுக்கின்றது. கொடுக்க மாட்டாதவனின் பிள்ளை பின்தங்குகின்றது.

நம் நாட்டுப் பெரிய கல்லூரிகளுக்கோ பழைய மாணவர் சங்கங்கள் இலண்டனிலும் தொறொன்ரோவிலும் சிட்னியிலும் உள. நீச்சற் குளமும் மாடிக் கட்டடமும் அவர்கள் கொடையால் எழுகின்றன. தாம் படித்த கல்லூரியை மறவாதார் நன்றியுடையோர். அவர்களைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆனால் துணுக்காயிலும் மடுவிலும் உள்ள கஷ்டப் பிரதேசப் பாடசாலைக்குத் தொறொன்ரோவிற் சங்கம் ஏது? அப்பாடசாலையிற் படித்தவன் இன்றும் அயற் காணியிற் கூலிக்கு நிற்கின்றான். அவனிடமிருந்து என்ன கொடை வரும்? ஆகவே, கொடையாளர் இல்லாத பாடசாலைக்கு அரசாங்கமே கொடையாளராதல் வேண்டும். உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே அளவாகப் பகிர்வது சமத்துவம்போலத் தோன்றும். ஆனால் ஏற்றத்தாழ்வை அது நிலைநிறுத்தும்.

பகிரும் முறை நமக்குத் தெரியாததன்று. கற்றற் சாதனங்களுக்கான பணத்தை மாணவர் தொகை, வகுப்பு நிலை முதலியவற்றை அளவாகக் கொண்டு பாடசாலைகளுக்குப் பகிரும் ஓர் ஒழுங்கு 2000 ஆம் ஆண்டிலேயே புகுத்தப்பட்டது. அளவுகோல் நல்லதே, அளக்கப்படும் பண்டந்தான் சிறிது. கல்விச் செலவின் பெரும்பங்கு சம்பளத்துக்கே போய்விடுகின்றது. சம்பளமோ ஆசிரியர் இருக்கும் இடத்துக்குப் போகின்றது. ஆசிரியர் நகரத்திற் கூடியிருந்தால் பணமும் நகரத்திற் கூடும். வன்னிப் பாடசாலையிற் கணித ஆசிரியரின் கதிரை வெறுமையாக இருக்கும்போது, அந்தப் பிள்ளைக்குரிய பங்கு வேறெங்கோ செலவாகின்றது என்பதே பொருள். ஆதலின் ஆசிரியப் பங்கீட்டைப் பற்றிப் பேசாது நிதிப் பங்கீட்டைப் பற்றி மாத்திரம் பேசும் அபேட்சகர், பாதி உண்மையையே பேசுகின்றார். கஷ்டப் பிரதேசத்துக்குச் செல்லும் ஆசிரியருக்கு விடுதி, போக்குவரத்து, தகுந்த மேலதிகப் படி ஆகியவற்றை முதலிற் கொடுக்கட்டும். இடமாற்றப் பட்டியலை அரசியல்வாதியின் சிபாரிசுக் கடிதங்கள் திருத்தாதிருக்கட்டும்.

மாணவர் குறைந்த சிறு பாடசாலைகளை மூடிப் பெரிய பாடசாலைகளுடன் இணைத்தால் பணம் மிச்சப்படும் என்று கணக்குப் பார்ப்போரும் உளர். கொழும்பில் இருந்து பார்த்தால் அது சரியான கணக்கே. யுத்தத்தால் இடம்பெயர்ந்து, மீளக் குடியேறி, தலையெடுக்க முயலும் ஒரு கிராமத்தில் நின்று பார்த்தால், பாடசாலை மூடப்பட்ட நாளே அந்தக் கிராமம் மூடப்படும் நாள். ஆறு வயதுப் பிள்ளை காட்டுப் பாதையிற் பல மைல் நடந்து போகுமா? போக்குவரத்து வசதி உறுதிப்படாமல் ஒரு பாடசாலைதானும் மூடப்படலாகாது.

பங்கிடுபவர் யார்?

மூன்றாவது கேள்வி அதிகாரத்தைப் பற்றியது. தமிழ் மக்களைப் பொறுத்தவரை இதுவே அடிப்படைக் கேள்வி.

1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் பாடசாலைக் கல்வியின் பெரும்பகுதியை மாகாண சபைகளிடம் ஒப்படைத்தது. ஆனால் பணப்பையின் கயிறு கொழும்பில் இருந்துவிட்டது. நிதி ஆணைக்குழு சிபாரிசு செய்யும். திறைசேரி கொடுக்கும், அல்லது பிந்திக் கொடுக்கும். பிரபல்யமான பாடசாலைகளோ தேசிய பாடசாலை என்ற பெயரால் மாகாணத்தின் கையிலிருந்து நழுவி மத்திக்குப் போயின. பெயரும் பணமும் உள்ளவை மேலே; சுமையும் குறையும் உள்ளவை கீழே. இதுதானா அதிகாரப் பகிர்வு?

வட மாகாண சபை 2013 இலேதான் முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் ஆயுள் 2018 ஐப்பசியில் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. மக்கள் தெரிந்தெடுத்த உறுப்பினர் இல்லாதபோது, இந்தக் கிராமத்துக்கு ஏன் ஆசிரியர் வரவில்லை, இந்தக் கட்டடத்துக்கு ஒதுக்கிய பணம் ஏன் திரும்பிப் போயிற்று என்று யாரிடம் கேட்பது? ஆளுநர் மக்களின் வாக்காற் பதவிக்கு வந்தவரல்லர். மக்களின் வாக்காற் பதவி இழப்பவருமல்லர். ஆகவே ஆறு விகிதம் தரும் கை, அதனை எவ்வாறு செலவிடுவது என்று தீர்மானிக்கும் உரிமையையும் மாகாணத்துக்குத் தருமா என்பதே நம் கேள்வி. உரிமையின்றி வரும் பணம் பிச்சை. பணமின்றி வரும் உரிமை ஏமாற்று. இரண்டும் சேர்ந்து வருதல் வேண்டும்.

நம்மவரையும் கேட்போம்

பிறரைக் கேட்டதோடு நின்றால் நாம் நேர்மையுடையோரல்லோம். நமது தமிழ் அபேட்சகர்கள் பாடசாலை நிதியைப் பற்றி என்ன பேசியிருக்கின்றார்கள்? உரிமை பற்றிப் பேசுகின்றார்கள், பேசவேண்டியதே. ஆனால் உரிமை கிடைத்தபின் அதனைக் கொண்டு எந்தப் பிள்ளையின் வாழ்வை உயர்த்துவோம் என்பதைச் சொன்னவர் எத்தனை பேர்? வரவு செலவுத் திட்டம் விவாதிக்கப்படும் நாட்களிற் கல்வி அமைச்சின் ஒதுக்கீட்டை வரி வரியாகப் படித்து, தமது மாவட்டத்துக்குரிய பங்கைக் கேட்டு நின்றவர் எத்தனை பேர்?

நமக்குள்ளேயும் கறை உண்டு. 1929 ஆம் ஆண்டளவில், அரசாங்க நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சம ஆசனத்தில் அமரவேண்டும் என்று உத்தரவு பிறந்தபோது, யாழ்ப்பாணத்தில் அதனை எதிர்த்தோர் நம்மவரே. பொதுப் பணத்தைப் பெற்றுக்கொண்டு பொதுமைக்குக் கதவடைத்தார்கள். அன்று அந்தப் பிள்ளைகளை வாங்கில் ஏற்றி அமர்த்தியது அப்பணத்தோடு கூடிய நிபந்தனையே. ஆகவே, பொதுப் பணம் என்பது வெறுங் காசன்று. யார் யாரோடு சமமாய் அமர்வது என்பதை நிர்ணயிக்கும் சக்தி அது. அதனை மறந்த சமூகம் தன் பிள்ளைகளுள் ஒரு பகுதியைத் தானே தள்ளிவைத்த சமூகமாகும்.

பணத்தைக் கொட்டினால் மாத்திரம் கல்வி உயருமா என்று கேட்பாரும் உளர். உயராதுதான். ஊழலிற் போகும் பணமும், பூட்டிக் கிடக்கும் கணினி அறைக்குக் கொடுத்த பணமும் பயனற்றவையே. ஆனால் பணமில்லாது ஓலைக் கொட்டிலில் நின்று உபதேசம் செய்தாலும் கல்வி உயராது. வீண்செலவைக் காட்டி அவசியச் செலவை மறுப்பது, களை முளைத்ததற்காகப் பயிருக்கு நீர் பாய்ச்ச மறுப்பதை ஒக்கும்.

தமிழ் வாக்காளப் பெருமக்களே! மாகாண சபைத் தேர்தல் என்று வந்தாலும், பாராளுமன்றத் தேர்தல் என்று வந்தாலும், உங்கள் படலையைத் திறந்துகொண்டு அபேட்சகர் வருவார். வணக்கம் சொல்லி அமரச் செய்யுங்கள். பின்னர் இந்த மூன்றையும் கேளுங்கள். எந்த ஆண்டில் எத்தனை விகிதம் என்று எழுதித் தருவீரா? முதற் காசு கஷ்டப் பிரதேசப் பாடசாலைக்கும் தோட்டப் பாடசாலைக்கும் போகுமென்று உறுதி கூறுவீரா? அதனைச் செலவிடும் அதிகாரம் எம் மாகாணத்தின் கையில் இருக்குமா?

மூன்றுக்கும் நேரான விடை தருபவர் எக்கட்சியினராயினும், அவர் பேச்சைச் செவிமடுப்போம். மூன்றையும் மழுப்பிவிட்டுக் கைகூப்புபவர் எவ்வளவு வேண்டியவராயினும், படலை வரை சென்று வழியனுப்பி வைப்போம். அவர் தந்துவிட்டுச் செல்லும் துண்டுப் பிரசுரத்தை எறிந்துவிடவேண்டாம்; பத்திரமாக வைத்திருங்கள். ஐந்தாண்டுகளின் பின்னர் அவர் திரும்பவும் வருவார். அன்று அதனை அவர் முன்னிலையில் வாசித்துக் காட்ட, பாடசாலையிற் படித்த பிள்ளை ஒன்று உங்கள் வீட்டில் இருக்கவேண்டும்.